வேருக்கும் மூச்சு வேண்டும்

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள தன்னாமுனை போன்ற ஊர்களில், தாழ்வான களிநிலத்திற் காய்கறி பயிரிடுவோர் மாரி ஓய்ந்ததும் ஒன்றைக் காண்பதுண்டு. மேல்மண் காய்ந்திருக்கும், அடிமண்ணோ சேறாயிருக்கும், கத்தரிக்கன்று வாடி நிற்கும். தாகமென்றெண்ணி நாம் நீர் வார்ப்பின் கன்று மடியும். அதற்கு வேண்டுவது நீரன்று, காற்றேயாம்.

எவ்வாறெனில், வேரும் சுவாசிக்கின்றது. நல்ல தோட்டமண்ணின் பருமனில் ஏறக்குறையப் பாதி இடைவெளியாகும்; அதில் நீரும் காற்றும் சமமாயிருத்தல் நன்று. நீரே நிறையின் பிராணவாயு குன்றும்; வேர் நீரை உறிஞ்சும் வலியிழந்து, ஆழஞ் செல்லாது மேலே தங்கும். அத்தகைய செடி கோடையையுந் தாங்காது. ஐயுறுவோர் இரண்டு சாடிகளிற் கன்று நட்டு, ஒன்றின் அடித்துளையை அடைத்து, இரண்டிற்கும் ஒரேயளவு நீர் வார்த்துக் காண்க.

மணற்பாங்கான நிலத்திற் காற்றுக்குக் குறைவில்லை; ஈரத்தைப் பிடித்துவைக்கவே எரு வேண்டும். களிமண்ணுக்கோ எரு காற்றுவழியையுந் திறக்கும். ஆனால் ஈரக்களியைக் கொத்தலாகாது. அது கட்டியாய் இறுகும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்தும்போது உதிர்ந்தாற் பதமென்றறிக. அப்பொழுது ஓரடி ஆழங் கொத்தி, மக்கிய மாட்டெரு கலந்து, பாத்தியை ஒரு சாண் உயர்த்துதல் வேண்டும். நடைவழியை வேறாக அமைத்துப் பாத்தியை மிதியாதிருத்தலும் வேண்டும். சருகு மூடாக்கின்கீழ் மண்புழுக்கள் எஞ்சிய வேலையைச் செய்யும்.

ஒரு பலப் புழுதி காற்பலமாகுமாறு உழுது காயவிடின் பிடியெருவும் வேண்டாவென்று 1037 ஆம் குறளிற் கூறிய திருவள்ளுவர், அடுத்த குறளில் உழுதலினும் எருவிடுதல் நன்றென்றார். முரண்போலத் தோன்றினும் இரண்டும் மண்ணைத் திறக்கும் வழிகளே. ஆதலின், வாடிய செடியைக் கண்டதும் வாளியைத் தேடாது, முதலில் அடிமண்ணைத் தோண்டிப் பார்ப்போமாக.