நோயாளியின் இல்லமும் நம் கடமையும்



நோயுற்றோர்க்கு உதவுதல் அறம் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின் அவ்வுதவி எதுவரை நீள வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பெரிய அறுவைச் சிகிச்சை நடைபெறும் நாளில் மருத்துவமனை வாயிலில் சுற்றமும் நட்பும் திரள்கின்றன. நோயாளி வீடு திரும்பிய மூன்றாம் வாரத்தில், அவ்வீட்டு அடுப்பு எரிகின்றதா என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. அக்காலத்தில் நாம் செய்யத்தக்கது யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

பகவான் தம் கையால் செய்த பணி

வினய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. வயிற்று நோயால் வருந்திய பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே கிடந்தார். அவரால் தமக்குப் பயனில்லை என்று பிற பிக்குகள் அவரைக் கவனித்திலர். பகவான் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். பின் தலைப்புறம் பகவானும் கால்புறம் ஆனந்தரும் பற்றி அவரைக் கட்டிலிற் கிடத்தினர். தாயும் தந்தையும் அருகில்லாத துறவிகள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவர் என்று பகவான் சங்கத்தாரைக் கேட்டார்.

இக்கேள்வி நம்மையும் நோக்கியதே. தம்மத்தைத் தழுவியதன் பொருட்டுச் சுற்றத்தாரால் ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கட்கு நாமே சுற்றம்.

நகுலமாதா நீக்கிய கவலை

அங்குத்தர நிகாயத்தில் நகுலபிதா என்னும் இல்லறத்தார் கொடிய நோயுற்றுக் கிடந்த செய்தி வருகின்றது. அவர் மனைவி நகுலமாதா வெறும் ஆறுதல் மொழி கூறினாளல்லள். அவர் நெஞ்சை அரிக்கக்கூடிய கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை கூறினாள். பஞ்சு நூற்றுப் பிள்ளைகளைக் காப்பேன், வேறு மணம் நாடேன், சீலத்தில் வழுவேன் என இவ்வாறு ஆறு உறுதிகள் அளித்தாள். நோய் தணிந்தது. அவர் கோலூன்றிச் சென்று பகவானை வணங்கினார். இத்தகைய துணையைப் பெற்றது அவர் பேறு என்று பகவான் பாராட்டினார்.

அவள் முதலிற் கூறியது பிழைப்பைப் பற்றியது என்பதைக் கருதுக. கடனும் பள்ளிச் சம்பளமும் நெஞ்சை அழுத்துகையில் நோயாளிக்கு உறக்கம் ஏது? அவனைத் தேற்ற விரும்புவோர் முதலில் அவன் இல்லத்தைத் தாங்க வேண்டும்.

திருவனந்தபுரத்து நிலை

நம் நகரின் மருத்துவக் கல்லூரி 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் அருகமைந்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் 1980-ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய நிறுவனமாயிற்று. டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் அங்கு உருவான செயற்கை இதய வால்வு, முந்தைய மாதிரிகள் பழுதுற்றபின் பெற்ற வெற்றியாகும். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல இந்நகரை நாடி வருகின்றன.

அறுவை மருத்துவரின் பணி சில மணி நேரத்தில் முடியும்; இல்லத்தாரின் பணி மாதக்கணக்கில் நீளும். நோயாளிக்கு ஏற்றதும் ஏலாததும் அறிதல், பணிவிடை செய்வோர்க்குப் பகவான் வகுத்த ஐந்து தகுதிகளுள் ஒன்று. மார்பைத் திறந்து செய்யும் சிகிச்சையில் பிளக்கப்பட்ட எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரமாகும். அதுவரை நீர்க்குடம் தூக்குதலும் குழந்தையை ஏந்துதலும் ஆகா. உலோக வால்வு பெற்றவர் இரத்தம் உறையாதிருக்கும் மருந்தை ஆயுள் முழுதும் உண்ண வேண்டும். குறித்த காலந்தோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஒரு நாள் மிகுதியாகக் கீரை உண்டு மறுநாள் முற்றும் விடுத்தால் அம்மருந்தின் வலிமை மாறுபடும். மருத்துவரைக் கேளாமல் நாட்டு மருந்து கலத்தலும் தீது. காய்ச்சல், புண்ணிற் சீழ், மூச்சுத் திணறல், நில்லாத இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது காணினும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க. சிகிச்சைக்குப் பின் காரணமற்ற அழுகையும் சினமும் பலர்க்கு வருவன. அவற்றைக் குணக்கேடு என்று கடியற்க. வாரக்கணக்கில் நீடிப்பின் மருத்துவரிடம் கூறுக.

வினை என்னும் பழிச்சொல்

நோயாளியின் வாயிற்படியில் நின்று, "முற்பிறப்பு வினை" என்று சொல்லிச் செல்வோர் உளர். கேட்கும் மனைவி மக்கள் மனமுடைகின்றனர். அது நம் தம்மம் அன்று. துன்ப நுகர்ச்சிகள் யாவும் முன்வினையால் வருவனவோ என்று சீவகன் என்னும் பரிவிராசகன் வினவியபோது, பகவான் எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார். பித்தம், ஐயம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைப் பேணும் முறைகேடு, புறத்தாக்குதல், வினைப்பயன் என்பன அவை. எட்டில் ஒன்றே வினை. எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றுதல் தவறு என்று பகவான் தெளிவுறுத்தினார். நோயுற்ற இல்லத்தில் பழி தூற்றுவோனுக்கு இடமில்லை; மருந்து வாங்கி வருவோனுக்கு இடமுண்டு.

சங்கத்தார் செய்யத்தக்கவை

"ஏதேனும் வேண்டுமாயின் சொல்லுங்கள்" என்று கூறிச் சென்றால், துன்பத்திலிருப்போர் நாணிக் கேளாதிருப்பர். மணிமேகலை அமுதசுரபியுடன் நோயுற்றோரும் பசித்தோரும் கூடும் உலகவறவிக்குத் தானே சென்றாள். அங்ஙனமே நாமும் செல்வோமாக. சென்று, குறித்த பணியைக் குறித்த நாளில் ஏற்போமாக. ஒருவர் செவ்வாய்தோறும் சமைத்தளிக்கலாம். ஒருவர் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கலாம். மலையாளம் அறிந்தவர் அலுவலகத் தாள்களைப் படித்துச் சொல்லலாம். ஒருவர் மருந்து வேளைகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். வாரத்தில் ஓரிரவு நோயாளியின் அருகில் அமர்ந்து, பணிவிடை செய்பவளை உறங்கச் செய்வதும் பெருந்தானமே. அவளும் நோயுறின் இல்லம் முற்றும் சாயும்.

காணச் செல்வோர் கால் மணி நேரத்தில் எழுக. பிறர் இறந்த கதைகளைப் பேசற்க. இருமலும் சளியும் உள்ளவர் செல்லற்க.

சிந்திக்க

1. அறுவை நிகழ்ந்து ஒரு மாதமான இல்லம் எதுவும் நம் பகுதியில் உண்டா?
2. அங்கு இவ்வாரம் நாம் ஏற்கத்தக்க ஒரு பணி யாது?

அடுத்த உபோசத நாளில் கூடும்போது, இவ்விரு வினாக்கட்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் விடை கொணர்க. மைத்ரி பாவனை நெஞ்சில் தோன்றிக் கைகளில் நிறைவெய்துக.