தக்காளியின் இனமறிந்து பறித்தலும் பேணலும்

தக்காளி பறிக்கப்பட்ட பின்னரும் சுவாசிக்கின்றது, பழுக்கின்றது, ஈரத்தையும் இழக்கின்றது. வழியில் நசுங்கிய ஒவ்வொரு பெட்டிக்கும் கமக்காரர் விதையும் உரமும் கூலியும் செலவிட்டிருக்கின்றார். அந்நட்டத்தைக் குறைக்கும் முதல் வழி இனத்தின் இயல்பை அறிதலாகும்.

இனத்தை அறியும் முறை

பழமொன்றைக் குறுக்கே வெட்டிப் பார்க்க. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ரோமா இனத்தில் சதை தடித்தும் விதையறைகள் குறைந்தும் இருக்கும். இத்தகையவை பாரத்தைத் தாங்கும். 1925ஆம் ஆண்டில் வெளிவந்த மார்குளோப் போன்ற உருண்டை இனங்களிற் சாறு மிகுதி. அவை எளிதில் நசுங்கும். திலின, ரஜித, மஹேஷி ஆகிய உள்நாட்டு இனங்களையும் இவ்வாறே சோதித்தறிக. மாரஸ்ஸனையிலிருந்து மலைப்பாதையில் லொறியேறும் பழத்திற்குத் தடித்த சதை வேண்டும். மஹய்யாவ வீட்டுத் தோட்டத்திலிருந்து அயற்கடைக்குச் செல்லும் பழம் சாறுள்ளதாயினும் குற்றமில்லை.

பறிக்கும் பருவம்

தூரச் சந்தைக்கு, காயின் அடியில் இளஞ்சிவப்பு தோன்றத் தொடங்கும்போது பறிக்க. அது கண்டியின் தட்பவெப்பத்திற் சுமார் ஒரு வாரத்திற் பழுக்கும். முற்றாத பசுங்காயோ நன்கு பழுக்காது. சுவையும் விற்றமின் சீயும் அதிற் குறைவு. அண்மைச் சந்தைக்குச் செடியிலேயே சிவக்க விடலாம்.

பேணும் முறை

1. காலை வேளையிற் பறித்து, உடனே நிழலில் வைக்க. வெப்பம் 30 பாகை செல்சியசுக்கு மேற்படின் சிவப்பு நிறந்தரும் லைக்கோப்பீன் நன்கு உண்டாகாது. பழம் மஞ்சளாய் நிற்கும்.

2. காம்பை நீக்குக; அது அடுத்த பழத்தைக் குத்தும். காயம்பட்ட பழத்தில் விற்றமின் சீ விரைவில் அழியும். அழுகலும் அங்கே தொடங்கும்.

3. சாக்கைத் தவிர்த்து, ஆழங்குறைந்த பெட்டிகளில் அடுக்குக.

4. பழுத்த வாழைப்பழத்தின் அருகில் வைக்கலாகாது. அதிலிருந்து வெளிப்படும் எதிலீன் வாயு தக்காளியை விரைந்து பழுக்கச் செய்யும்.

5. பழுக்காத காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாகாது. 12 பாகைக்குக் குறைந்த குளிரில் நெடுநாள் இருப்பின் சுவை கெடும். பின்னர் வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது.

உறுதியான பழமெல்லாம் சத்து மிகுந்த பழமென எண்ணலாகாது. சிறிய செர்ரித் தக்காளியில் இனிப்பும் விற்றமின் சீயும் பொதுவாக மிகுதி. ரோமா போன்றவற்றைச் சிறிது எண்ணெயிற் சமைத்துண்டால் லைக்கோப்பீன் உடலில் நன்கு சேரும்.

ஆகவே, நாற்று நடுமுன்னரே பழம் எச்சந்தைக்குச் செல்லும் என்பதைத் தீர்மானித்து, அதற்கேற்ற இனத்தைத் தெரிந்துகொள்வீர்களாக.