இணை சேர்க்கும் சீட்டாட்டம்

நோயாளரும் துணையிருப்போரும் படுக்கையருகே சேர்ந்து ஆடத்தக்க எளிய ஆட்டம் ஒன்றை இவ்விதழில் காண்போம்.

சீட்டுக்கட்டிலிருந்து ஆஸ் முதல் 10 வரை, ஒவ்வோர் எண்ணிலும் இரண்டாக 20 சீட்டுகளை எடுத்துக் கலைத்து, உணவு மேசைமீது ஐந்தைந்தாக நான்கு வரிசைகளில் கவிழ்த்து வைப்போம். முறை வரும்போது ஒருவர் இரண்டு சீட்டுகளைத் திருப்பலாம். எண் ஒத்தால் அவ்விணை அவருக்குரியது. மீண்டும் அவரே ஆடுவார். ஒவ்வாவிடின் அதே இடத்தில் கவிழ்த்துவிட வேண்டும். முடிவில் மிகுதியான இணைகளைச் சேர்த்தவரே வென்றவர்.

நினைவோடு உத்தியும் வேண்டும். இணை இரண்டும் தெரிந்திருந்தால் உடனே எடுத்துக்கொள்க. தெரியாதபோது முதலில் புதிய சீட்டைத் திருப்புக. அதற்கும் இணை தெரியாவிடின், இரண்டாவதாக முன்பே கண்ட சீட்டைத் திருப்பினால் எதிராளிக்குக் கிடைக்கும் புதுச்செய்தி குறையும்.

கையசைக்க இயலாதவர் "மூன்றாம் வரிசை, இரண்டாம் சீட்டு" என்று சொன்னால் போதும், துணையிருப்பவர் திருப்பலாம். ஆனால் குறிப்புக் கொடுத்தலும் வேண்டுமென்றே தோற்றலும் ஆகா. நாள் முழுதும் பிறர் முடிவுகளுக்கு உட்பட்டிருப்பவருக்கு இந்த ஆட்டத்தில் அவர் முறையேனும் அவருடையதாக இருக்கட்டும். மறதி மிகுந்தால் ஆறு இணைகளாகக் குறைப்போம். ஆட்டத்தைச் சோதனையாக்க வேண்டா. ஆடுமுன்னும் பின்னும் கைகழுவுவோம். சோர்வு தெரிந்தவுடன் நிறுத்துவோம்.