ஆறு சிலிண்டர் கார் வாங்குமுன்

ஆறு சிலிண்டர் கார் ஏன் அதிராமல் ஓடுகிறது? நான்கு சிலிண்டர் எஞ்சினில் 180 பாகைச் சுழற்சிக்கு ஒருமுறை பெற்றோல் எரியும்; ஆறில் 120 பாகைக்கு ஒருமுறை. இழுவையில் இடைவெளி தெரியாது.

1994இல் வந்த நிஸான் செபிரோ ஏ32 நல்ல உதாரணம். முந்திய மாதிரியில் ஆறும் ஒரே வரிசை, பின்சக்கர இழுவை. இதில் மூன்று மூன்றாக 'வீ' வடிவம். எஞ்சின் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது.

ஆனால் பின்வரிசை பிளக்குகள் இலகுவில் கைக்கு எட்டாது. ஒரு கராஜில் ஆறுக்கும் காசு கொடுத்தேன். நடுக்கம் நிற்கவில்லை. வேறிடத்தில் கழற்றிப் பார்த்தால், மாற்றியிருந்தது முன்வரிசை மூன்றை மட்டுமே!

வாங்கும் விலையோடு பராமரிப்பையும் கணக்கிடுங்கள். கழற்றிய பிளக்குகளை எண்ணி வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள்.