பார்வையின் நடுவே ஒரு நிழல்

கேள்வி: எனக்கு 38 வயது. ஒரு மாதமாக வலது கண்ணில் நடுப்பார்வை மங்கலாக இருக்கிறது. கதவு நிலைகூட வளைந்து தெரிகிறது. கோராய்டு தடித்து நீர் கசிந்திருப்பதாக டாக்டர் சொல்கிறார். பார்வை போய்விடுமா?

பதில்: பயப்படாதீர்கள். விழித்திரைக்கு அடியில் இருந்து அதற்கு ரத்தம் ஊட்டும் படலம்தான் கோராய்டு. அதிலுள்ள ரத்தக்குழாய்கள் வீங்கிப் படலம் தடிக்கும்போது, நீர் கசிந்து விழித்திரையைத் தூக்கிவிடுகிறது. கோடுகள் வளைந்து தெரிவது அதனால்தான். 30 முதல் 50 வயதுக்குள் உள்ள ஆண்களிடம் இது அதிகம். பெரும்பாலோருக்கு மூன்று, நான்கு மாதங்களில் நீர் தானாகவே வற்றிவிடும்.

முக்கியமாக ஒன்று கேட்கிறேன்: இந்தக் கசிவைத் தூண்டக்கூடிய ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா? மாத்திரை மட்டுமல்ல, ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, மூட்டில் போடும் ஊசி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தோல் களிம்பு எல்லாமே கணக்கில் சேரும். பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்; நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். இரவுத் தூக்கமும் மன அமைதியும் அவசியம்.

நீர் வற்றாவிட்டால் லேசர் ஒளி சிகிச்சை உண்டு. சிலருக்குக் கோராய்டில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்து ரத்தம் கசியலாம். அவர்களுக்குக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டிவரும். ஆகவே விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். தினமும் ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட தாளைப் பாருங்கள். வளைவு கூடினால் அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.