பாசி எடுக்கும் பெண்களிடம் நாம் படிக்க வேண்டிய பாடம்



இந்த வருடக் கண்டுணர்வுப் பயணம் எங்கே போகலாம் என்று கேட்டோம். பாளையம்பட்டிக் குழுக்களில் பாதிப் பேர் "ராமேஸ்வரம்" என்றார்கள். "சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, நாலு எடம் பாத்த மாதிரியும் ஆச்சு" என்றார் ஒரு அக்கா. சரி, போவோம். ஆனால் இந்தத் தடவை கோயிலோடு திரும்பாமல், அந்தக் கடலையும் தெரிந்துகொண்டு வருவோம். அதற்காகத்தான் இந்த மாதப் பாடம்.

வலது பக்கமும் பாருங்கள்

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லோரும் இடது பக்க ஜன்னலுக்குப் போய் ரயில் பாலத்தைப் பார்ப்போம். வலது பக்கமும் பாருங்கள். கடலுக்குள் பச்சையாக ஒரு திட்டு தெரியும். அதுதான் குருசடைத் தீவு. இதுபோல ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை, கரையை ஒட்டி 21 தீவுகள் உண்டு. மனோலி, முயல் தீவு, தலையாரி, வாழைத் தீவு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. வேம்பார்ப் பக்கத்தில் இரண்டு தீவுகளுக்கு நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்றே பெயர். தண்ணீரை வைத்து இடத்துக்குப் பெயர் சொல்வது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது!

இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் அரசு 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் மன்னார் வளைகுடா முழுவதும் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது.

அங்கே அப்படி என்ன இருக்கிறது?

முதலில் பவளப் பாறை. பெயர்தான் பாறை, உண்மையில் அது சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. மீன் அங்கேதான் குஞ்சு வளர்க்கிறது. பெரிய அலை வந்தால் பாறையில் மோதி வேகம் குறைகிறது. அடுத்து கடல் புல். அந்தப் புல்லைத் தின்று வாழ்வது ஆவுளியா என்னும் கடல் பசு. நம்ம மாடு மாதிரியே மேயும், குட்டிக்குப் பால் கொடுக்கும். இதைக் காக்க 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரில் தனிக் காப்பகம் அமைத்தார்கள். இந்தியாவில் கடல் பசுவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் அதுதான்.

ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். பாறை போனால் அலையைத் தடுக்க ஆள் இல்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. தூத்துக்குடி வான் தீவும் கரைந்து சுருங்கியது. அதைக் காப்பாற்றக் கடலுக்கு அடியில் சிமெண்டில் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். வரப்பை நாமே வெட்டிவிட்டு மண்ணு போச்சே என்று அழுத கதைதான். இது போதாதென்று 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன.

பெண்கள் போட்ட சட்டம்

கடையில் கடல்பாசி வாங்கி, பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சியிருப்போம். அதற்கு மூலப்பொருளான பாசியை ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள்தான் கடலில் முங்கி எடுக்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டு, மூச்சைப் பிடித்து, பாறை கிழிக்கக் கிழிக்கப் பறிக்கிறார்கள்.

தேசியப் பூங்கா வந்தபின் தீவுப் பக்கம் போகத் தடை. போனால் பிடிப்பார்கள், அபராதம் போடுவார்கள். "எங்க பாட்டி காலத்துல இருந்து எடுக்கிறோம், இப்ப நாங்க திருடியா?" என்பது அவர்கள் பக்க நியாயம். ஆள் ஆளுக்கு எடுத்தால் பாசியும் பவளமும் அழியும் என்பதும் நியாயம்தான்.

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? கூடிப் பேசினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது. மீன் முட்டையிடும் காலத்தில் 45 நாள் கடலில் இறங்குவதே இல்லை. இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது, அடிவேரை விட்டுவிடுவது. இந்த விதிகளை அவர்களே போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் பாதி நாள் வருமானத்தைத் தானாக விடுவது லேசான காரியமா? வாரக் கூலியை நம்பி இருக்கும் நமக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்.

இந்த முயற்சியில் முன்நின்ற பாம்பன் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் பரிசு கிடைத்தது. கொடுத்தது, உலகம் முழுவதும் தீவுகளைக் காக்கப் பாடுபடும் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு. அவர் அதிகாரியும் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. பாசி எடுப்பவர். அவர்கள் சிக்கல் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பேச்சு என்று வரும்போது, "நாங்க அழிக்கல, காக்கிறோம்" என்று சொல்ல அவர்கள் கையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது.

நம்ம ஊர்த் தீவு

"கடலுக்கும் நமக்கும் என்ன மேடம்?" என்று கேட்கலாம். மழை பெய்து கண்மாய் நிறைந்ததும், நடுவில் நிற்கும் கருவேல மரத்தில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாயும் பூனையும் வராது. அதுவும் ஒரு தீவுதான். குஞ்சு இருக்கும்போதே விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் மரத்தை வெட்டினால் அத்தனையும் போச்சு. பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அங்கே எந்தப் போலீசும் நின்று தடுக்கவில்லை. ஊர்தான் முடிவு செய்தது.

பயணத்தில் நினைவில் வையுங்கள்

1. அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியைக் கடலில் விட வேண்டாம். அது அடியில் போய்ப் பாசியையும் பவளத்தையும் மூடும். புண்ணியம் துணியில் இல்லை.

2. பவளத் துண்டு, காய்ந்த கடல் குதிரை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2001 முதல் இவை சட்டப்படிப் பாதுகாக்கப்பட்டவை.

3. தீவில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். மீனவர் படகில் தெரியாமல் போவது வேண்டாம்.

4. நேரம் இருந்தால் தேவிபட்டினம் தாண்டித் தொண்டி ரோட்டில் உள்ள காரங்காடு போவோம். அங்கே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பறவை பார்க்கலாம், மீன் சாப்பாடும் சாப்பிடலாம். காட்டைக் காத்தே நாலு காசு பார்க்க முடியும் என்பதை நேரில் கேட்டு வருவோம்.

குழுக் கூட்டத்தில் பேச

- மாதத்தில் பாதி நாள் வேலையை விட அந்தப் பெண்கள் ஏன் ஒத்துக்கொண்டார்கள்? ஒருவர் மட்டும் மீறினால் என்ன ஆகும்?
- நம் கண்மாயில் எந்தெந்த மரத்தில் கூடு இருக்கிறது? எந்த மாதம் வரை குஞ்சு இருக்கும்? வயதானவர்களிடம் கேட்டு வாருங்கள்.
- விறகு வெட்டுவதில் நம் குழு போடக்கூடிய ஒரே ஒரு கட்டுப்பாடு எது?

ஒன்று போதும். ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கக் கூடியதாக இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பயணத் தேதியை அன்றே முடிவு செய்வோம்.