சாட்ஸ்வொர்த்துக்குப் போனால் வெளியிலேயே இருங்கள்

இங்கிலாந்தில் படிக்கும் மாணவர்கள், வகுப்பில்லாத ஒரு நாளில் நண்பர்களோடு பிரபு மாளிகை ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால், பலரும் வந்து சேருகிற இடம் டார்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வொர்த். 2005-ல் வந்த 'பிரைடு அண்டு பிரிஜுடிஸ்' படத்தில் நாயகன் டார்சியின் மாளிகையாகக் காட்டப்பட்டது இதுதான். கேவண்டிஷ் குடும்பம் 1549-ல் இந்த நிலத்தை வாங்கியது. இன்று டெர்வென்ட் ஆற்றின் கரையில் நிற்கும் மாளிகையின் பெரும்பகுதி, அந்தக் குடும்பத்தின் முதல் டெவன்ஷயர் டியூக் 1687-லிருந்து 1707 வரை கட்டியது. வருகிறவர்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் மாளிகைக்கு டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள், மிச்ச நேரத்தைக் கட்டணமே இல்லாத பூங்காவிலும் காட்டிலும் பக்கத்து ஊரிலும் கழியுங்கள். கையில் இருப்பது ஒரே நாள், அளவான பணம் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன். இந்த மாளிகையிலிருந்து தூக்கிச் செல்ல முடிந்தவற்றில் மிகச் சிறந்தவை சில எப்போதோ லண்டனுக்குப் போய்விட்டன. 10-வது டியூக் 1950-ல் இறந்தபோது சொத்தின் மீது விழுந்த இறப்பு வரி 80 சதவீதம். அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. நிலம் போனது, ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு மாளிகை முழுதாகக் கைமாறியது, ஓவியங்களும் அரசுக்குப் போயின. எட்டாம் ஹென்றியை ஆளுயரத்துக்கு வரைந்த ஹோல்பைனின் கோட்டோவியம் இப்போது லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. மெம்லிங் வரைந்த மூன்று பலகைப் படம் டிரஃபால்கர் சதுக்கத்துத் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் அனுமதி இலவசம். கையில் எடுத்துப் போக முடியாதவை மலை, தண்ணீர், ஆறு, இடம் மாற்றப்பட்ட ஓர் ஊர். அவை சாட்ஸ்வொர்த்தில் மட்டும்தான் உண்டு, எல்லாமே மாளிகைச் சுவருக்கு வெளியே.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு உள்ளே போகாமல் திரும்புவதா என்று உங்களில் ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்வி. கதவில் மாட்டியிருக்கும் வயலின் ஒன்று உள்ளே உண்டு. கிட்டே போனால்தான் அது பலகையில் தீட்டிய ஓவியம் என்று தெரியும். வெள்ளி ஆணியில் தொங்குகிற அந்த வாத்தியத்தின் நிழல்கூடத் தீட்டியதுதான். ரஃபாயெல் மோன்டி 1847-ல் செதுக்கிய முக்காட்டுப் பெண் சிலையும் அங்கேதான் இருக்கிறது. பளிங்கில் முகத்திரை செய்து, அதற்குள் முகம் தெரியும்படி செதுக்கியிருக்கிறார். கலை வரலாறு படிக்கிறவர் உங்களோடு வந்திருந்தால் அவர் உள்ளே போகட்டும், பணம் வீணாகாது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: நூறுக்கும் மேற்பட்ட அறைகளில் திறந்திருப்பவை சிலவே. கோடை விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் அலங்காரக் காலத்திலும் அவற்றில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நகர வேண்டியிருக்கும். நின்று பார்க்க நினைத்த இடத்தில் பின்னால் வருகிறவர்கள் தள்ளுவார்கள், செல்ஃபிக்காக வழியை மறிப்பார்கள். அந்த நெரிசலில் ஒரு நாளின் பாதியைக் கொடுப்பது கொடுமை.

வெளியே வரலாம். மாளிகைக்குப் பின்னால் ஸ்டாண்ட் வுட் என்ற காடு செங்குத்தாக ஏறுகிறது. முதலில் அதில் ஏறுங்கள், கட்டணம் கிடையாது. 1582-ல் கட்டிய வேட்டைக் கோபுரத்தைத் தாண்டி மேலே போனால் எம்பரர் ஏரி வரும். பார்க்கச் சாதாரண ஏரிதான். இறங்கி வந்து தோட்டத்துக்குள் நுழைந்து நீண்ட குளத்தின் நடுவே எழும் எம்பரர் நீரூற்றைப் பாருங்கள், ஏரியின் அர்த்தம் விளங்கும். இந்த நீரூற்றுக்கு அன்றும் இன்றும் பம்பு கிடையாது. ஏரி மேலே இருக்கிறது, குழாய் கீழே வருகிறது, நீரின் எடையே நீரை வானத்துக்கு ஏற்றுகிறது. 90 மீட்டர் வரை எழும்பியதாகப் பதிவு உண்டு. பொதுவாக அதைவிடத் தாழ்வாகத்தான் விடுவார்கள், காற்று அடித்தால் இன்னும் குறைப்பார்கள். ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ் வரப்போகிறார் என்று 1844-ல் இரவிலும் விளக்கு வைத்து ஆட்கள் தோண்டிய ஏரி இது. பேரரசர் வரவே இல்லை. பிற்பாடு இதே தண்ணீரின் வேகத்தில் மாளிகைக்கு மின்சாரமும் எடுத்தார்கள். ஏரியை முதலில், ஊற்றைப் பிறகு என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஊற்றை முதலில் பார்த்தால் அது வெறும் போட்டோவாகப் போய்விடும்.

இந்த ஏரியையும் ஊற்றையும் செய்த மனிதர் ஜோசப் பேக்ஸ்டன், ஒரு விவசாயி மகன். 1826-ல் தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22, ஏறக்குறைய உங்கள் வயதுதான். விடியற்காலை நாலரை மணிக்கு வந்து சேர்ந்தவர், கதவு பூட்டியிருக்கவே ஏறிக் குதித்து உள்ளே போய்த் தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார், ஆறு மணிக்கு ஆட்களை வேலையில் இறக்கினார், காலைச் சாப்பாட்டின்போது தன் வருங்கால மனைவியையும் சந்தித்துவிட்டார். பத்தாண்டு கழித்து அவர் மாபெரும் கண்ணாடி வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். 1843-ல் விக்டோரியா மகாராணி அதற்குள் குதிரை வண்டியிலேயே போனார். அதைக் கட்டிய அனுபவமும், 1849-ல் இங்கே பூத்த அமேசான் பேரல்லிக்காகக் கட்டிய கண்ணாடிக் கூடமும் சேர்ந்துதான் 1851-ன் லண்டன் கிரிஸ்டல் பேலஸாக வளர்ந்தன. நம் கடைகளில் தொங்கும் ஜி9 வாழைப்பழத்துக்கும் இங்கே ஒரு நூல் உண்டு. அது கேவண்டிஷ் வகையைச் சேர்ந்தது; மொரிஷியஸிலிருந்து வந்த ஒரு கன்றை பேக்ஸ்டன் இந்தத் தோட்டத்தில் வளர்த்து, 1835-ல் பூத்த அதற்குத் தன் எஜமான் குடும்பத்தின் பெயரை வைத்தார். கண்ணாடி வீடு இப்போது இல்லை. முதல் உலகப்போரில் நிலக்கரி கிடைக்காமல் செடிகள் செத்தன, 1920-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் அடித்தளச் சுவருக்குள் இன்று ஒரு புதர்ச் சிக்குவழி இருக்கிறது, நண்பர்களோடு வழி தொலைந்து சிரிக்க ஏற்ற இடம். அருகிலேயே நிலக்கரி வண்டி போன சுரங்கப்பாதை இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள். மேலே வெப்பமண்டலச் செடிகளும் ராணியின் வண்டியும். கீழே இருட்டில் கரி தள்ளியவர்கள். இரண்டும் ஒரே கட்டடத்தின் பாகங்கள்.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று எழும்: இந்த ஆடம்பரமெல்லாம் யார் பணம், நாம் ஏன் போய் வியக்க வேண்டும்? மறைக்க ஒன்றுமில்லை. இந்தச் சொத்தைத் தொடங்கிய வில்லியம் கேவண்டிஷ், எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது அந்த வேலையைச் செய்த அதிகாரி. பிறகு அயர்லாந்து நிலமும் எக்டன் செப்புச் சுரங்கமும் பணம் கொடுத்தன. சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து, முறைகேட்டுப் புகார்களோடு பதவி இழந்தும் பெரும் செல்வத்தோடு ஊர் திரும்பிய எலிஹு யேலின் மகள், முதல் டியூக்கின் மகனைத்தான் மணந்தாள். யேல் கேவண்டிஷ்களோடு உட்கார்ந்திருக்கும் ஓவியம் ஒன்றில், கழுத்தில் உலோக வளையத்தோடு அடிமைச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். 11-வது டியூக் அதை 1970-ல் யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆட்சேபம் சரிதான், அதனால் போகாமல் இருக்க வேண்டும் என்பது சரியில்லை. வெளியே சுற்றுகிறவருக்கு உழைத்தவர்களும் விரட்டப்பட்டவர்களும் கண்ணில் படுகிறார்கள்.

ஈடன்சருக்குப் போனால் இது தெளிவாகும். பூங்காவுக்குள் ஆற்றின் மறுகரையில் இருக்கும் சிற்றூர் அது. பூங்காவை 1760-களில் நிலக்காட்சி வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுன் திருத்தினார். ஆற்றின் போக்கைக்கூடச் சரிசெய்தார். இன்று இயற்கையாகத் தெரியும் புல்வெளிச் சரிவும் மரக்கூட்டமும் முழுக்கத் திட்டமிட்டவை. ஜன்னலிலிருந்து தெரிகிறது என்பதற்காகப் பழைய ஈடன்சரைப் படிப்படியாக இடித்து, 1840-ஐ ஒட்டி மேட்டுக்கு அப்பால் புதிதாகக் கட்டினார்கள். ஒரு வீடு சுவிட்சர்லாந்துப் பாணி, அடுத்தது இத்தாலியப் பாணி, இன்னொன்று கோட்டைபோல. எதுவும் எதோடும் ஒட்டாது. தேவாலயக் கல்லறையில் பேக்ஸ்டன் இருக்கிறார். கேவண்டிஷ் குடும்பத்துக்கு மருமகளாக வந்த கேத்லீன் கென்னடியும் அங்கே இருக்கிறார். 1963 ஜூனில் அவருடைய அண்ணன், அமெரிக்க அதிபர் கென்னடி, இந்தக் கல்லறைக்கு வந்து போனார். இந்த ஊரை விட்டுவிட்டுச் சாட்ஸ்வொர்த் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. ஷெஃபீல்டிலிருந்து பேக்வெல் போகும் 218 பேருந்து வழியில் இங்கே நிற்கும். நேரத்தை அன்றைக்கே சரிபாருங்கள், ஞாயிற்றுக்கிழமை கூடுதல் கவனம் வேண்டும். காரில் போனால் நிறுத்தக் காசு. டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுங்கள், மாணவர் சலுகை இருந்தால் அங்கேயே தெரியும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு மாளிகையைச் சில வாரங்கள் மூடிவிடுவார்கள், பூங்கா எப்போதும் திறந்திருக்கும். படிக்கட்டு அருவியில் தண்ணீர் விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வறண்டிருந்தால் வெறும் படிக்கட்டுத்தான். கிளைகளிலிருந்து நீர் பீய்ச்சும் செப்பு வில்லோ மரத்தடியில் விவரம் தெரியாத நண்பரை நிறுத்துங்கள். நவம்பர் கிறிஸ்துமஸ் சந்தை வேண்டவே வேண்டாம். குதிரை லாயத்தில் இருக்கும் உணவகங்கள் விலை அதிகம், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து ஆற்றங்கரையில் பிரித்துச் சாப்பிடுங்கள். ஆடுகள் பக்கத்தில் வரும், கொடுக்காதீர்கள். மழை வந்தாலும் திட்டத்தை மாற்ற வேண்டாம், நல்ல பூட்ஸும் மழைக்கோட்டும் போதும். மாலையில் நடக்கத் தெம்பிருந்தால் ஈடன்சரிலிருந்து மேட்டைத் தாண்டும் நடைபாதையில் பேக்வெல் போய், அங்கிருந்து திரும்பும் பேருந்தைப் பிடியுங்கள். கடைசிப் பேருந்து சீக்கிரமே கிளம்பிவிடும்.